வேதசாட்சியின் பல்

ணங். சுடலை உளியக் கொஞ்சம் தள்ளி வச்சி இன்னொரு அடி போடுதான். ணங். எனக்கு ஒவ்வொரு அடியும் பின்மண்டையில விழுது. பழைய பீடத்த இன்னைக்கி ஒடைக்கோம். ஒடைக்கோம்னா நான் ஒண்ணும் ஒடைக்கல, மூணாவது பெஞ்சில ஒக்காந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன், ஆனா ஊர்க்கோயில்ல எது நடந்தாலும் நாமன்னுதான் சொல்லணும், அது எங்க சிலுவைத்துறை வழக்கம், சண்டையக்கூட நாம போட்டோம்னுதான் சொல்லுவோம். சுடலை சாத்தான்குளத்துக் கொத்தனாரு. உளிய எடுக்கதுக்கு முன்னால செருப்பக் கழட்டிட்டு, மடியில இருந்து சூடத்த எடுத்துப் பீடத்துப் படியில கொளுத்தி ரெண்டு கையையும் கூப்பினான். பங்குசாமி ஸ்டார்வின் சட்டுனு சன்னல் பக்கமாத் திரும்பி, கடல் இன்னைக்கி எப்படி இருக்குன்னு பாத்துக்கிட்டாரு. 'எந்தச் சாமியா இருந்தா என்ன அண்ணாச்சி, கை வைக்கப் போறோம்லா, ஒரு வார்த்த சொல்லிக்கணும்'னு சுடலை எங்கிட்ட மெதுவாச் சொன்னான். சரிதான்னேன். ஆம்பளைக பக்கம் நானும் இன்னும் அஞ்சாறு பேரும். பொம்பளைக பக்கம் தூணோரமா எம் பொண்டாட்டி இராக்கினி, முக்காட்ட இழுத்துவிட்டுக்கிட்டு, செபமாலைய உருட்டாம சும்மா கையில வச்சிக்கிட்டு, உளி போற எடத்தையே பாக்கா. மீன் ஏவாரத்துக்குப் போகாம வந்திருக்கா. காய்ச்சல்லகூட ஏவாரத்துக்குப் போனவ. போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி சாமி அறிவிப்பு வாசிச்சாரு, அவரு திண்டுக்கல்லு பக்கத்துக்காரரு, இங்க வந்து ஒரு வருசந்தான் ஆகுது: 'பழைய பீடத்தோட நடுக்கல்லுல ஒரு சின்னக் குழி இருக்கும். அதுக்குள்ள ஏதாவது ஒரு புனிதரோட அருளிக்கம், எலும்போ துணியோ, வச்சி மூடியிருப்பாங்க. அத மரியாதையா எடுத்துப் புதுப் பீடத்துல வைக்கணும்.' சாதாரணமாச் சொல்லிட்டு ஞாயிறு வகுப்பு நேரமாத்தத்துக்குப் போயிட்டாரு. ஆனா கோயிலே திரும்பி என்னையப் பாத்துது. பின்பெஞ்சில இருந்து அந்தோணிக்குட்டி, 'வே ஆராய்ச்சி, கோவா வரைக்கும் போனீரே, முட்டி போடுத எடத்துக்கு எதுக்கப் பாத்தீரா?'ன்னான். நான் அவனத் திரும்பிப் பாக்கல. பொம்பளைக பக்கம் பாக்கவும் பயமா இருந்துது.

ஆராய்ச்சிங்கது எம் பட்டப்பேரு. ஞானஸ்நானத்துல வச்ச பேரு கித்தேரியான். ஐஸ் கம்பெனியில மெஷின் பாத்தவன். கடக்கரையில பொறந்து, வள்ளத்துல கால் வச்சா வாந்தி எடுக்குத ஆம்பள இந்த ஊருல நான் ஒருத்தன்தான், அதுக்கு ஒரு கேடயம் இருந்தா எனக்குத்தான் குடுக்கணும். பகல்ல ஐஸ், பொழுதடைஞ்சா ராப்பள்ளிக்கூடம். முப்பது வயசுக்கு மேல பத்தாங்கிளாஸ் பாஸ் பண்ணினேன். சரித்திரப் பரிச்சையில பறங்கிக்காரன் வருகையப் பத்தி ஒரு பக்கம் எழுதச் சொன்னதுக்கு நான் எழுதிக்கிட்டே போயி, மத்த கேள்விக்கு நேரம் இல்லாம, எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடத்துலதான் கொறஞ்ச மார்க்கு. அந்தப் பறங்கிக்காரன் காலத்துல ஒரு வெள்ளைக்காரச் சாமி எங்க ஊருக்குக் கொண்டாந்து குடுத்தாருன்னு சொல்லுத பல்லுதான் எல்லாத்துக்கும் காரணம். ஒரு வேதசாட்சியோட பல்லு. எந்த வேதசாட்சின்னு கேட்டா ஊருல மூணு பேரு சொல்லுவாங்க, மூணும் வேற வேற. வேதத்துக்காகச் செத்தாரு, பல்லு இருந்துது, இவ்வளவுதான் உறுதி. எத்தன வெளியூர்க்காரங்ககிட்ட இந்தக் கதையச் சொல்லியிருப்பேன், இப்ப எனக்குள்ளயே பாடம் மாதிரி ஓடுது: கடலுக்குப் போன ஆளு வராம, ஒடம்பும் கெடைக்கலன்னா, அந்தப் பல்லக் கடக்கரைக்குக் கொண்டு போவாங்க. பெத்தவ முழங்கால் தண்ணியில நின்னு, பல்ல அலையில முக்கி, பிள்ள பேரச் சொல்லிக் கூப்பிடணும். அடுத்த ஏத்தத்துல கடல் ஒடம்பக் கொண்டாந்து கரையில போட்டுரும். பல்லெறக்குததுன்னு பேரு. பெறகு ஒலாந்தாக்காரன், அதான் டச்சுக்காரன், வந்தான், கோயிலப் பண்டகசாலை ஆக்கினான். அப்ப கோயில் சாவிய வச்சிருந்த கோயில்பிள்ளை பல்ல எங்கயோ ஒளிச்சி வச்சாரு, யாருகிட்டயும் சொல்லதுக்குள்ள பேதியில போயிட்டாரு. அதோட பல்லும் போச்சி, பல்லெறக்குததும் போச்சி. ஒலாந்தாக்காரன் போன பெறகு அதே கல்லுகள வச்சிக் கட்டினதுதான் இந்தக் கோயில், இந்தப் பீடம், இப்ப சுடலை உளி வைக்குத கல்லு.

ணங், ணங். மேல்பலகைய முடிச்சிட்டுக் கீழ எறங்கியிருக்கான். சுண்ணாம்புத் தூசி சன்னல் வெயில்ல மெதக்குது. எம் மவன் கிளாட்வின் போயி இது ஆறாவது வருசம். போயின்னுதான் சொல்லணும், செத்துன்னு வீட்டுல சொல்லக்கூடாது, சொன்னதும் இல்ல, இப்பமும் மனசுக்குள்ள போயின்னுதான் வருது. வள்ளத்துல மூணு பேரு. கார்த்திகக் காத்து. மத்த ரெண்டு பேரு ஒடம்பும் கெடச்சிது, ஒருத்தன் மணப்பாட்டுக்குத் தெக்க, ஒருத்தன் கேரளாவுல. கொண்டாந்தாங்க, அடக்கினாங்க, ரெண்டு வீட்டுப் பொம்பளைகளும் விழுந்து அழுதாங்க, அழுது முடிச்சாங்க. முடிக்கதுங்கது எவ்வளவு பெரிய காரியம். இராக்கினி அழல. ஒடம்பு வரட்டும்னா. ஒடம்பு இல்லாம என்ன பூசைன்னா. அடுத்த ஆத்துமாக்கள் திருநாளுக்கு எறந்தவங்க பேரு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க, நான் பேனாவத் தொட்டதுக்கே, 'எம் பிள்ள பேர அதுல எழுதுத கை வெளங்காது'ன்னா. எங் கைதான். வச்சிட்டேன் பேனாவ. அதுல இருந்து எந்தக் கரையில எந்த ஒடம்பு ஒதுங்கினாலும் நான் பஸ் ஏறுவேன். பொணவறையில துணிய வெலக்குவாங்க, நான் மொகத்தப் பாக்கமாட்டேன், மொகம் இருக்காது, வாயத்தான் பாப்பேன். கிளாட்வினுக்கு முன்பல்லுல ஒரு மூலை ஒடஞ்சிருக்கும், சோடாப் பாட்டில் மூடியப் பல்லால தெறக்கப் போயி ஒடச்சது, அன்னைக்கி எவ்வளவு ஏசினேன். எத்தன பேரு வாயில பல்லு பாத்திருக்கேன், பல் டாக்டரே பாத்திருக்கமாட்டாரு. பல்லு முழுசா இருந்தா உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வரும், வந்த ஒடனே வெக்கமா இருக்கும், அதும் ஒருத்தி பெத்த பிள்ளதானே. வெளிய வந்து போன் பண்ணி, 'இல்ல பிள்ள'ம்பேன். அவ 'ம்'ம்பா. அது சந்தோசமா ஏமாத்தமான்னு இன்னைக்கி வரைக்கும் எனக்குப் பிடிபடல.

அன்னைக்கி வள்ளத்துக்கு ஐஸ் ஒடச்சிப் போட்டது நான். யாரு வந்தாலும் போடுவேன், மவனுக்கும் போட்டேன். 'யப்பா, ரொம்பப் போடாதிய, வள்ளம் மீனுக்குப் போகுதா, ஐஸ் விக்கப் போகுதா?'ன்னான். 'கெடக்கட்டும்லே, மீன் கெட்டா ஒங்கம்ம என்னையல்லா ஏசுவா'ன்னேன். சிரிச்சான், ஒடஞ்ச பல்லு தெரிய. கடைசியாப் பேசினது ஐஸப் பத்தி. பெட்டி மூடி இருந்தா கட்டி நாலஞ்சி நாளு நிக்கும். பெட்டி கவுந்தா? உப்புத்தண்ணியில சீக்கிரம் கரையும். அவன் நீந்திக்கிட்டு இருக்கும்போது பக்கத்துல ஐஸ் மெதந்திருக்குமா, அதப் புடிச்சிருப்பானா, கை மரத்திருக்குமா, எது மொதல்ல முடிஞ்சிருக்கும், ஐஸா, அவனா. இந்தக் கணக்கப் போடக்கூடாது, போடக்கூடாதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிப்பேன், ஆனா ஐஸ் கம்பெனிக்காரனுக்கு வேற என்ன கணக்குத் தெரியும். பெட்டி மூடி இருந்தா, பெட்டி கவுந்தா. பல்லத் தேடப் போனதே இதுல இருந்து தப்பிக்கத்தான்னு தோணுது. ஐஸ் நெனப்பு வந்தா ஒடனே ஒலாந்தாக்காரன நெனச்சிக்கிடுவேன். அவன் செத்து முந்நூறு வருசம் ஆச்சி, அவனால எனக்கு ஒரு வலியும் இல்ல.

பல்லு எங்க போயிருக்கும்? ஒரு கட்சி, கோயில்பிள்ளை கெணத்துல போட்டுட்டாருன்னு. பழைய கெணத்த எறைச்சிப் பாத்தோம், ஒரு பித்தளச் செம்பும் ரெண்டு செருப்பும் வந்துது, ரெண்டும் எடதுகால். இன்னொரு கட்சி, பயந்துபோயித் தோணி ஏறி மன்னாருக்கு ஓடின குடும்பம் கொண்டு போயிட்டுதுன்னு. மன்னார்ல இருந்து வந்து மண்டபம் அகதி முகாம்ல இருந்த ஒரு மனுசரத் தேடிப் போயிக் கேட்டேன். அவரு, 'அண்ணை, எங்கட ஆக்களின்ர எலும்பையே இன்னும் தோண்டி முடியேல்ல'ன்னாரு. ரெண்டு பேரும் டீ குடிச்சோம். மூணாவது கட்சி நானே ஆரம்பிச்சது, அந்தக் காலத்துப் பெரிய சாமிமாரு பத்திரமா இருக்கட்டும்னு கோவாவுக்கு அனுப்பியிருப்பாங்கன்னு. கோவாவுக்கு ரயில் ஏறினேன். அங்க ஒரு எடத்துல கண்ணாடிக்குள்ள வெரல் எலும்பு, முழங்கை எலும்பு, மண்டையோட்டுத் துண்டு, ஒவ்வொண்ணுக்கும் கீழ பேரு, ஊரு, செத்த வருசம். அங்க நின்ன ஆளுகிட்ட எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல 'டூத், டூத்'னு வாயக் காட்டினேன். அவரு பல் ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னாரு, ரொம்பப் பொறுமையா, எந்த பஸ்ஸுல ஏறணும்னு சேத்து. அந்தக் கண்ணாடி முன்னாலயே நின்னுக்கிட்டு இருந்தேன். இவங்களுக்கு ஒரு வெரலாவது இருக்கேன்னு நெனச்சேன். ஊருக்கு வந்தா டீக்கடையில, 'என்ன ஆராய்ச்சி, பல்லு ஆப்புட்டுதா? இல்லன்னா திருச்செந்தூர் டாக்டர்ட்ட சொல்லி ஒண்ணு கட்டிரலாம்'னானுவ. 'கட்டுததுதான் கட்டுதிய, தங்கத்துல கட்டுங்கவே'ன்னேன் நானும். இராக்கினி சிரிக்கல. பையை வாங்கி வச்சிட்டு, 'அடுத்து எங்க?'ன்னா. கொச்சின்னேன். கொச்சிக்குப் போயிட்டு வந்தாலும் கேட்டா. நானும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஊரு சொன்னேன்.

அதான். அந்த எடத்துலதான் எம் மனசு போயிப் போயித் தட்டி நிக்கும். நான் சொன்ன ஊரெல்லாம் தூரத்துலயே இருந்துது. பழைய பீடத்துல அருளிக்கம் வைப்பாங்கங்கது ஒண்ணும் பெரிய ரகசியம் இல்ல, ராப்பள்ளிக்கூட மூளைக்கு எட்டாத விசயமும் இல்ல. எட்டாம பாத்துக்கிட்டேனோ என்னமோ. பல்லு தொலைஞ்சி கெடக்குத வரைக்கும் அவளுக்கு ஒரு வழி பாக்கி இருக்கு. கெடச்சிட்டா? தண்ணியில எறங்குவா. கூப்பிடுவா. ஏத்தம் வரும், ஏத்தம் வடியும், மணல்ல நுரை கெடக்கும், ஒரு தேங்கா மட்டை கெடக்கும், வேற ஒண்ணும் இருக்காது. இத்தன வருசம் கழிச்சிக் கடல் எதத் திருப்பிக் குடுக்கும்? குடுத்தாத்தான் என்னத்தக் குடுக்கும்? அப்ப அவ கையில என்ன மிஞ்சும்? இப்ப எந்திரிக்கா, மீன் எடுக்கா, சாத்தான்குளம் போயி வித்துட்டு வாறா, தலை வாருதா, பக்கத்து வீட்டுக்காரியோட கொழாயடியில சண்ட போடுதா, எல்லாம் அந்தப் பல்லு எங்கயோ இருக்குங்க தெம்புலதான். விக்கா, ஆனா அந்தக் கார்த்திகைக்கிப் பெறகு அவ வாயில மீன் வைக்கல. ஏன்னு நான் கேட்டதில்ல. கேக்க வேண்டாம், தெரியும், அத நெனச்சா எனக்கும் சோறு எறங்காது. பல்லெறக்கியும் அவன் வரலன்னா அவளும் அந்தத் தண்ணியில இருந்து ஏறி வரமாட்டா. அதான் எம் பயம், வேற ஒண்ணும் இல்ல. ஆண்டவரே, அந்தக் குழி காலியா இருக்கட்டும். கோயிலுக்குள்ள ஒக்காந்து கேக்குத செபமா இது? ஊரே ஒண்ணு கேக்குது, நான் ஒருத்தன் மட்டும் இல்லன்னு வரணும்னு கேக்கேன். என்னையப் பாத்து அந்தச் சுரூபங்களே மொகத்தத் திருப்பிக்கிடும்.

டொக். சத்தம் மாறிட்டுது. சுடலை கைய நிறுத்திட்டு, விரல மடக்கிக் கல்லத் தட்டிப் பாக்கான். 'சாமி, உள்ள பொள்ளலா இருக்கு'ங்கான். எல்லாரும் எந்திரிச்சி முன்னால போறாங்க, ஆம்பளைக பக்கம் பொம்பளைக பக்கம்லாம் இல்ல, ஒரே கூட்டம். நான் பெஞ்சப் புடிச்சிக்கிட்டு நிக்கேன், ஆனா யாரோ என்னையத் தள்ளிக் கொண்டுபோயி முன்னால விடுதாங்க, 'ஆராய்ச்சிக்கு வழி விடுங்கவே, அவருக்கு இல்லாததா'ன்னு, கேலி இல்லாத கொரல்ல. அது இன்னும் பயமா இருக்கு. சுடலை மூடிக்கல்ல நெம்பி எடுக்கான். உள்ள ஈயத்துல செஞ்ச ஒரு சின்னப் பெட்டி, கறுத்துப்போயி. காலியா இல்ல. கேட்டது நடக்கல, எனக்கு என்னைக்கி நடந்துது. சாமி தோள்ல பூசைப் பட்டையைப் போட்டுக்கிட்டு முட்டி போட்டுத் தெறக்காரு. செவப்புப் பட்டு, தொட்டதும் பொடியா உதிருது. நடுவுல வெள்ளையா ஒண்ணு. 'பல்லு மாதிரிதான் இருக்கு'ங்காரு, பாவம், நல்ல மனுசன், கண்ணு கலங்கிட்டுது. நான் எட்டிப் பாக்கேன். பாத்த ஒடனே தெரிஞ்சிட்டுது. பல்லு இல்ல. கத்தாள மீனோட தலைக்கல்லு. கத்தாளைக்குத் தலைக்குள்ள ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளக்கல்லு இருக்கும், பீங்கான் மாதிரி வழுவழுன்னு, ஒரு பக்கம் மேடா, ஒரு பக்கம் கோடு விழுந்து குழிஞ்சி. கொழம்புல கெடந்து கடிபட்டா உச்சி வரைக்கும் கூசும். எங்க ஊருப் பொம்பளப் பிள்ளைக அத வச்சி அஞ்சாங்கல்லு ஆடும். இது கொஞ்சம் பெரிய கத்தாள, அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்சது மத்தவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? சாமிக்கும் சுடலைக்கும் தெரியாது, மேட்டு ஊருக்காரங்க. மத்த எல்லாருக்கும் தெரியும். ஆனா எங்க தெருவுலயே மூத்தவ பெர்னத்தாக்கா முன்னால வந்து, குனிஞ்சி, அதுல வாய வச்சி முத்தி செஞ்சி கண்ணுல ஒத்திக்கிடுதா. அடுத்து அவ மருமக. அடுத்து இன்னொருத்தி. அந்தோணிக்குட்டி, எதுக்கும் வாய மூடாத பய, கல்லப் பாக்கான், என்னையப் பாக்கான், பெறகு அவனும் குனிஞ்சி முத்தி செய்தான்.

'இராக்கினிக்கு வழி விடுங்கட்டி'ன்னு பெர்னத்தாக்கா சத்தம் போடுதா. இராக்கினி வாறா. சாமி அத அவ உள்ளங்கையில வைக்காரு. அவ முத்தி செய்யல. புரட்டிப் பாக்கா. கட்டைவெரல் நகத்த அந்தக் கோட்டுல வச்சி இழுக்கா, மீன் தலைய அறுத்துச் சுத்தம் பண்ணும்போது இழுக்குத மாதிரியே. வாழ்க்க பூராவும் கத்தாள வித்தவ. சொல்லிருவாளோ, சிரிச்சிருவாளோ, வீசி எறிஞ்சிருவாளோ. அவ நிமுந்து, 'சாமி, இதுக்குச் சோடி எங்க?'ன்னு கேக்கா. 'பல்லுக்கு எதும்மா சோடி? ஒண்ணுதான் குடுத்திருப்பாங்க'ங்காரு அவரு. பெர்னத்தாக்காதான், 'ஒண்ணு போதும்ட்டி. ஒண்ண வச்சித்தான் அந்தக் காலத்துலயும் எறக்கினாளுவ'ங்கா. அந்தக் காலத்துலயும். எனக்கு அப்பதான் ஓடுது. கோயில்பிள்ளை நெசப் பல்ல ஒளிச்சி வச்சிட்டு, இத வச்சி ஒலாந்தாக்காரன ஏமாத்தினாரா? இல்ல நெசப் பல்லு தொலைஞ்சி, யாரோ ஒரு பெத்தவ வந்து கதவத் தட்டினப்ப, கைக்கு ஆப்புட்டத எடுத்துக் குடுத்தாரா? இல்ல பல்லுன்னு ஒண்ணு வரவே இல்லையா, தொடக்கத்துல இருந்தே இதுதானா? எது நடந்திருந்தாலும், இதக் கையில வாங்கித் தண்ணியில எறங்கின ஒவ்வொருத்தியும் மீன் அறுத்தவதானே. உள்ளங்கையில வச்ச ஒடனே தெரிஞ்சிருக்கும்லா. தெரிஞ்சும் எறங்கியிருக்காளுவ. தெரிஞ்சும் கூப்பிட்டிருக்காளுவ. ஒடம்பு வரும்னு எறங்கல போல. கூப்பிட்டுட்டுக் கரையேறணும்னு எறங்கியிருக்காளுவ. நான் முந்நூறு வருசத்துச் சரித்திரத்தப் பொரட்டினேன், இந்த ஒரு வரி எனக்கு ஆப்புடல.

இராக்கினி கல்லக் கையில மூடிக்கிட்டு வாசலப் பாத்து நடக்கா. சாமி தயங்குதாரு, 'கடலுக்கா? மேல கேக்கணும்மா...'ன்னு இழுத்துட்டு, அவ மொகத்தப் பாத்துட்டு வழிய விடுதாரு. கோயில் வாசல்ல இருந்து கடல் கொஞ்ச தூரந்தான். உச்சி வெயிலு. மணல் சுடுது, அவ ஓடல, நடந்துதான் போறா, கைய நெஞ்சோட வச்சிக்கிட்டு. பொம்பளைக ஈர மணல் வரைக்கும் வந்து நின்னுட்டாங்க. பெத்தவ மட்டுந்தான் எறங்கணும், அதான் வழக்கம். நானும் நின்னிருக்கணும். காலு நிக்கல. அவ போயி வராட்டா? எறங்கிட்டேன், செருப்போட, வேட்டியோட. தண்ணி தொட்ட ஒடனே வயிறு பெரட்டுது, இந்த வயசுலயும். அவ குனிஞ்சி கல்ல அலையில முக்குதா. ஒரு அலை வந்து போகுது. கூப்பிடணும். எல்லாரும் கேட்டுக்கிட்டு நிக்காங்க. அவ வாயே தெறக்கல. இன்னொரு அலை. 'கூப்பிடு பிள்ள'ங்கேன், எனக்கே கேக்காத கொரல்ல. அவ திரும்பி என்னையப் பாக்கா. 'நான் எப்பமோ கூப்பிட்டு முடிச்சிட்டேன்'ங்கா. 'ஏவாரத்துக்குப் போகும்போது இந்த வழியாத்தானே போவேன். தெனமும் கூப்பிடுவேன். ஒரு நாளு தொண்டை அடச்சிது. அன்னைக்கே தெரிஞ்சிட்டு, அவன் இனி வரமாட்டான்னு.' எனக்குப் புரியல. என்னைக்கின்னு கேக்கேன். 'நீங்க கோவாவுக்குப் போயிருந்தப்ப'ங்கா. 'பெறகு ஏட்டி எங்கிட்டச் சொல்லல?' அவ முக்காடு காத்துல விழுந்து கெடக்கு, முடி நரச்சிருக்கு, எப்ப இவ்வளவு நரச்சிது. 'எப்படிச் சொல்லச் சொல்லுதிய? நீங்க ஊரு ஊராப் போயித் தேடுதிய. போயிட்டு வந்தா ரெண்டு நாளு நல்லாத் தூங்குதிய. அத நான் எப்படி நிறுத்துவேன்? நிறுத்தினா நீங்க என்ன ஆவியளோன்னு பயமா இருந்துது.' பயம். அவளுக்கு. எனக்காக. நான் ஒரு பக்கம் அவளக் காவல் காக்கேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன், அவ மறுபக்கம் நின்னு என்னையக் காத்துக்கிட்டு இருந்திருக்கா. அவ எங் கையப் புடிச்சி, வெரலப் பிரிச்சி, அந்தக் கல்ல உள்ளங்கையில வச்சி மூடுதா. குளுந்து கெடக்கு. 'நீங்க கூப்பிடுங்க'ங்கா. 'நீங்கதான் இன்னும் ஒரு தடவகூடக் கூப்பிடல.' இல்லன்னு சொல்லப் பாக்கேன். யோசிக்கேன். பொணவறையில கூப்பிட்டனா, இல்ல. வீட்டுல, இல்ல. அவன் பேர வாய்விட்டு நான் எப்பச் சொன்னேன்? வாயத் தெறக்கேன். மொதல்ல காத்துதான் வருது. பெறகு வருது, கம்பெனி வாசல்ல நின்னு தெருக்கோடியில வெளையாடுத பயல வீட்டுக்கு வாடான்னு கூப்பிடுத மாதிரி, பாதி ஏச்சாவும் பாதி கெஞ்சலாவும்: 'லே கிளாட்வினு.' அலை வந்து முழங்கால்ல அடிச்சிட்டு அது பாட்டுக்குப் போகுது. இராக்கினி எம் முதுகுல கைய வைக்கா.

'இன்னும் சத்தமா'ங்கா.